கரிசல் மேட்டில் ஏறிய கழிவறை

போன மாதம், நான் ஓய்வுபெற்ற ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் போனில் கூப்பிட்டார். புதிதாக வேலைக்கு வந்தவர், நல்ல மரியாதை தெரிந்தவர். "சார், இப்பல்லாம் ரெடிமேட் டேங்க் லாரியில வந்து இறங்கிருது. குழியில இறக்கிப் பைப்பை மாட்டினா வேலை முடிஞ்சது. மண்ணுல தண்ணி ஊத்தி ஊற வச்சுப் பாக்குற அந்தச் சோதனை இன்னும் வேணுமா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர்மேல் அல்ல, பல வருடங்களுக்கு முன்னால் இதே கேள்வியைத் தனக்குத்தானே கேட்டு, வேண்டாம் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்ட ஒரு ஓவர்சியர்மேல். அந்த ஓவர்சியர் நான்தான். என் வேலைக்காலத்தில் நான் செய்த பெரிய தப்பும், மார்தட்டிச் சொல்லிக்கொள்கிற பெரிய காரியமும் அந்த ஒரே சோதனையோடு ஒட்டியவை. போனில் சொன்னால் முடியாது தம்பி, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

விருதுநகரில் எங்களுடையது மிளகாய் வத்தல் வியாபாரக் குடும்பம். அத்தாவும் இரண்டு அண்ணன்களும் மூட்டையைப் பிரித்தால் தெருவே தும்மும். கடைசிப் பையனான எனக்கு அந்தத் தும்மல் ஒத்துக்கொள்ளவில்லை. டிப்ளமோ படித்து அரசாங்க ஓவர்சியர் ஆனேன். ஆனதுதான் ஆனேன், பாலம் கட்டவோ பள்ளிக்கூடம் கட்டவோ போகாமல் கழிவறைப் பிரிவில் வந்து விழுந்தேன். கல்யாண வீடுகளில் பெரிய அண்ணன் என்னைக் காட்டி, "தம்பி கவர்மெண்ட்ல இருக்கான்" என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்வார். எதில் என்று யாராவது மேற்கொண்டு கேட்டால், பிரியாணி தம் போட்டாயிற்றா என்று பார்க்கப் போய்விடுவார்.

முதல் பத்து வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊர் ஊராகச் சுற்றினேன், டேப் பிடித்தேன், கட்டுக்கட்டாகப் படிவம் எழுதினேன். மண்ணைக் கையில் எடுத்து உருட்டியே இது செம்மண், இது கரிசல், இதில் மணல் இத்தனை பங்கு என்று சொல்லும் அளவுக்குத் தேறினேன். கூடவே தலைக்கனமும் தேறியது.

இந்தத் தொழிலைத் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செப்டிக் டேங்க் என்பது பாதி வேலைதான். கெட்டியானது தொட்டிக்கு அடியில் தங்கும். மேலே தெளிந்த அழுக்குத் தண்ணீர் வெளியே வரும். அது எங்கே போகும் என்பதுதான் மீதிப் பாதி. பக்கத்தில் உறிஞ்சுகுழி வெட்டி அதில் விடுவோம், மண் அதை மெல்ல இழுத்துக்கொள்ளும். மண் இழுக்குமா என்று முன்கூட்டியே பார்ப்பதற்குத்தான் சோதனை.

உறிஞ்சுகுழி எந்த ஆழத்தில் வரப்போகிறதோ அதே ஆழத்துக்கு ஒரு சாண் அகலத்தில் சிறு குழி வெட்ட வேண்டும். மண்வெட்டி தேய்த்து மெழுகிய பக்கத்தில் தண்ணீர் போகாது என்பதால் பக்கங்களைக் கத்தியால் கீறிவிட வேண்டும். அடியில் இரண்டு அங்குலத்துக்குப் பொடி ஜல்லி. ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊற விட வேண்டும். மறுநாள் காலையில் ஜல்லிக்கு மேல் ஆறு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி செய்து, அரை மணிக்கு ஒரு தடவை எவ்வளவு இறங்கியது என்று அளக்க வேண்டும். ஒரு அங்குலம் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்த மண்ணில் உறிஞ்சுகுழி கூடாது.

படிவத்தில் 'ஊறவைத்த நேரம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நான் அதில் 'ஓர் இரவு' என்று எழுதுவேன். ஊறவைத்தாலும் எழுதுவேன், வைக்காவிட்டாலும் எழுதுவேன். ராத்திரிக்கு யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு ஆலை. முதலாளி பெயர் ராஜாமணி. அறுபத்திரண்டு பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். திரி வெட்டுவது, சரம் பின்னுவது, மருந்து நிரப்புவது. அவர்களுக்குக் கழிவறை கிடையாது. வேலிக்கு வெளியே கருவேல முள்ளுக்குள்தான் போய்வர வேண்டும். கழிவறை கட்டித்தான் ஆக வேண்டும் என்று அவருக்கு மேலிடத்து நெருக்கடி வந்தது. ஆலைக்குக் கீழே சரிவில் ஊர்க் கிணறு இருந்ததால் எங்கள் அலுவலகத்தின் ஒப்புதலும் தேவைப்பட்டது. இடம் பார்க்கப் போனவன் நான்.

அது சித்திரை மாதம். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை போகும். குழி வெட்டி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிர்வதற்குள் குழி காலி. இன்னொரு குடம் ஊற்றினேன், அதுவும் போயிற்று.

"பாத்தீகளா பாய், எங்க மண்ணு எப்படி இழுக்குதுன்னு" என்றார் முதலாளி, என்னவோ அவரே அந்த மண்ணைப் பெற்றெடுத்த மாதிரி.

தண்ணீர் கொண்டுவந்த டிராக்டர் நாலு மணிக்குத் திரும்ப வேண்டும். நானும் அதோடு திரும்ப நினைத்தேன். ஒரு அங்குலம் இறங்க இரண்டு நிமிடம், மண் தகுதியானது, ஊறவைத்த நேரம் ஓர் இரவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கிளம்பும் முன் சாப்பாட்டுக் கொட்டகையில் தண்ணீர் குடிக்கப் போனேன். பெரிய மண்பானை, மேலே தட்டு, தட்டின்மேல் டம்ளர். சித்திரை வெயில், சாயங்காலம் நாலு மணி. பானையில் தண்ணீர் கழுத்து வரை நின்றது. "பரவாயில்லையே, பானையைக் குறைய விடாம ஊத்தி வைக்கிறீகளே" என்று பாராட்டினேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் பெயர் முத்துலட்சுமி என்பதும், சரம் பின்னுகிற பெண்களில் மூத்தவர் அவர்தான் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

வைகாசியில் கழிவறை கட்டி முடிந்தது. நாலு மாதம் பேர் சொல்லும்படி ஓடியது. புரட்டாசியில் முதல் நல்ல மழை பெய்ததும் கரிசல் ஊதி, வெடிப்பெல்லாம் ஒட்டிக்கொண்டது. உறிஞ்சுகுழி நிரம்பியது, தொட்டி நிரம்பியது, கடைசியில் கழிவறைக் கோப்பை வழியாகவே அழுக்கு மேலே வந்தது. அங்கிருந்து சரிவில் கிணற்றுப் பக்கம் ஓட ஆரம்பித்ததும் ராஜாமணி கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெண்கள் மறுபடியும் முள்ளுக்குள் போனார்கள். அடுத்த திங்கட்கிழமை அவர்களில் பத்துப் பேர் சூலக்கரைக்குப் பஸ் ஏறிப் போய், கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டார்கள்.

மனு படியிறங்கி எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, அதைக் கையில் எடுத்தவர் தமயந்தி மேடம். எங்கள் உதவிப் பொறியாளர். என்னைவிட எட்டு வயது சின்னவர், தென்காசிப் பக்கத்துக்காரர். கைப்பையில் ஒரு மர ஸ்கேலும் கூர் சீவிய இரண்டு பென்சிலும் எப்போதும் இருக்கும். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும். ஒரு கேள்வி கேட்பார், பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் நிற்பார். வந்த பதில் உருப்படியாக இருந்தால், "எழுதுங்க" என்பார். அவர் அகராதியில் பாராட்டு, ஒப்புதல், கட்டளை எல்லாம் அந்த ஒரே சொல்தான்.

ஆலைக்குப் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. நாற்றத்தில் முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். மேடம் குடைக்குள் என் படிவத்தைப் பிரித்து, நிதானமாக ஒரு தடவை படித்தார்.

"பாய், அன்னைக்கு ராத்திரி இங்க தண்ணி ஊத்துனது யாரு?"

ஆள் வைத்து ஊற்றினேன் என்று சொல்ல வாய் வந்தது. மேடம் பார்த்துக்கொண்டே நின்றார். முதலாளி பார்த்தார், ஆலையின் ஃபோர்மேன் பார்த்தார், கொட்டகை வாசலில் முத்துலட்சுமி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"யாரும் ஊத்தல மேடம். நான் நாலு மணிக்கே போயிட்டேன்."

"சரி. இன்னைக்கு ஊத்துவோம்" என்றார்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடக் கூட்டவில்லை. என் காது இரண்டும் எரிந்தன. அத்தாவின் கடையில் மிளகாய் மூட்டைக்குள் தலையைக் கவிழ்த்தால்கூட அப்படி எரிந்திருக்காது.

அன்று நானே குழி வெட்டினேன். நானே பக்கங்களைக் கீறினேன், ஜல்லி போட்டேன், தண்ணீர் ஊற்றி மேலே தகரம் மூடினேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு மேடம் மர ஸ்கேலைக் குழிக்குள் செங்குத்தாக நிறுத்தி ஆணி அடித்து நிலைப்படுத்தினார். எட்டரைக்குப் பார்த்தோம், ஒன்பதுக்குப் பார்த்தோம். பத்து மணிக்கும் தண்ணீர் அதே கோட்டில் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

"எழுதுங்க."

"ஒன்னுமே இறங்கலையே மேடம்."

"அதையே எழுதுங்க."

முத்துலட்சுமி அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார். "பாய், எங்களுக்கும் ரெண்டு குறுக்கம் கரிசக்காடு இருக்கு. கோடையில இது எம்புட்டு ஊத்துனாலும் குடிக்கும். ஒரு மழ விழுந்துட்டா வாய மூடிக்கிரும். அன்னைக்கே ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பானை ரொம்பி இருக்குன்னு பாராட்டிட்டுப் போனீகளே, ஞாபகம் இருக்கா? யாரும் ஊத்தி ரொம்பல. ஒருத்தியும் குடிக்கல. குடிச்சா அந்த முள்ளுக்குள்ள எத்தன தடவ போறது? காலையில வீட்டுல ஒரு வாய், ராத்திரி போயி ஒரு சொம்பு. நீர்க்கடுப்புன்னு நான் ரெண்டு தடவ ஆஸ்பத்திரியில படுத்துட்டேன்."

பத்து வருடமாகத் தண்ணீர் எங்கே போகும் என்று அளந்தவன் நான். தண்ணீர் வாய்க்குள் போகவே இல்லை என்று எனக்குத் தெரியவில்லை.

அதே வாரம் ஆய்வுக்கு வந்த அதிகாரி, அடுத்த வருடம் மழைக்கும் இதே கதையென்றால் ஆலையை மூட உத்தரவு வரும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். மூடினால் முதலாளிக்கு இன்னொரு ஆலை இருந்தது. இந்த அறுபத்திரண்டு பேருக்கு வேறு வழி இல்லை. கதவு திறக்க வேண்டும், மழையிலும் திறந்தே இருக்க வேண்டும். என் கையெழுத்தால் கெட்டது, என் கையாலேயே சரியாக வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது.

மேடம் முதலில் செய்த காரியம், பெண்களோடு சாப்பாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்தது. "பாய், நீங்க கொஞ்சம் கேட் பக்கம் நில்லுங்க" என்று என்னை அனுப்பிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து நோட்டோடு வந்தார்.

"நீங்க போட்ட தண்ணிக் கணக்கு எதுக்கு?"

"கழிவறைக்குத்தான் மேடம். தலைக்கு இத்தன லிட்டர்னு."

"சாயங்காலம் வேலை விட்டதும் எல்லாரும் அங்கதான் கைகால் தேய்ச்சுக் குளிச்சிருக்காங்க, வேலைச் சேலையையும் அலசியிருக்காங்க. உடம்பெல்லாம் மருந்து. அப்படியே போயி புள்ளையத் தூக்க முடியாதுல்ல? கதவு இருக்குற இடம் அது ஒன்னுதான்."

என் கணக்கைப்போல இரண்டரை மடங்கு தண்ணீர் தொட்டிக்குள் போயிருக்கிறது. அதோடு அலுமினியப் பவுடரும் சோப்பும் சேர்ந்து, தொட்டிக்குள் அழுக்கைத் தின்று செரிக்கிற கிருமிகளையும் சாகடித்திருக்கின்றன. மழை வராவிட்டாலும் என் தொட்டி ரொம்ப நாள் தாங்கியிருக்காது. எத்தனையோ ஆலைகளில் நான் இப்படிக் கணக்குப் போட்டிருக்கிறேன். ஒரு பெண்ணிடம்கூடக் கேட்டதில்லை.

அடுத்து வழி தேடினோம். ஒவ்வொரு வழியும் கதவைச் சாத்தியது.

இன்னும் ஆழமாகத் தோண்டலாம் என்றார் முதலாளி. நாலடிக்குக் கீழே சுக்கான் பாறை. வெடி வைத்துத் தகர்க்கலாம், ஆனால் இடம் பட்டாசு ஆலை; ஊருக்கெல்லாம் வெடி அனுப்புகிற இடத்தில் ஒரு வெடி வைக்க வழியில்லை. இரும்புக் கடப்பாரையையே மருந்து அறைப் பக்கம் கொண்டுபோக விடமாட்டார்கள், தீப்பொறி பயம். அழுக்குத் தண்ணீரை மோட்டார் வைத்து மேலே ஏற்றி ஒரு மணல் மேட்டில் விடலாம் என்றேன். கரண்டு வயரை அந்தப் பக்கம் இழுக்கவே கூடாது என்று ஃபோர்மேன் ஒரே பிடியாக நின்றார். மேடமும், "மோட்டார் கெட்டா மறுபடி பூட்டுதான் பாய்" என்றார். லாரியை வரவழைத்து உறிஞ்சி எடுக்கலாம் என்றால், மழையில் கரிசலுக்குள் இறங்குகிற லாரியை உறிஞ்சி எடுக்க இன்னொரு லாரி வேண்டும்.

மூன்றாவது நாள் நான் கேட்டுக்கு உள்ளே லோடு மேடைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். லாரியின் உயரத்துக்குக் கல்லால் கட்டிய மேடை அது. பெண்கள் சரப் பெட்டிகளை அதன்மேல் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கிருந்து லாரிக்குள் பெட்டிகள் வழுக்கிக்கொண்டு போயின. தூக்குகிற வேலையே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தவன் எழுந்து ஓடினேன், நிஜமாகவே ஓடினேன். செருப்பு சகதியில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டுப் போனேன்.

"மேடம், தண்ணிய மேல ஏத்துறதுக்குப் பதிலா ஆளை மேல ஏத்துனா என்ன?"

மேடம் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார்.

"கழிவறைய மேடை மேல கட்டுவோம். தொட்டிய மண்ணுக்கு மேலயே வைப்போம். அதுக்குக் கீழ்ப் படியில ஜல்லிப் படுகை, அதுக்கும் கீழ இன்னொரு படுகை. எல்லாமே தரைக்கு மேல. தண்ணி தானா இறங்கும். மண்ணு இழுக்கவே வேண்டாம்."

"மண்ணு இழுக்கலைன்னா தண்ணி எங்க போகும்?"

"நம்ம ஊரு வெயிலு இழுக்கும் மேடம். வருசத்துல பத்து மாசம் சும்மாதான காயுது."

அவர் ஸ்கேலின் நுனியை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"எழுதுங்க பாய்" என்றார்.

எனக்குப் பதக்கம் எதுவும் கிடைத்ததில்லை. எவனாவது கேட்டால் இந்த இரண்டு வார்த்தையைச் சொல்வேன்.

கேட் ஓரம், மருந்து அறைகளிலிருந்து விலகிய இடமாகப் பார்த்துக் கட்டினோம். சுக்கான் பாறை வரை அஸ்திவாரம் இறக்கி, தொட்டியை மூன்று தடுப்புகளோடு தரைக்கு மேலே உட்காரவைத்து, உள்ளும் புறமும் பூசினோம். அடுத்தது படுகை. கிணற்றுக்கு ஒரு சொட்டும் போகக் கூடாது என்பதால் அடியும் சுவரும் தொட்டி போலவே பூசப்பட்டன. அதற்குள் பெருங்கல், அதற்குமேல் ஜல்லி, பிறகு பொடி ஜல்லி, ஆற்றுமணல், கடைசியில் கொஞ்சம் மண். துளையிட்ட குழாய் ஜல்லிக்குள் ஓடியது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து போக மேல்பகுதியை ஆமை முதுகு மாதிரி மேடாக்கினோம். குளிக்கிற, அலசுகிற தண்ணீருக்குத் தனி அறைகள், தனிக் குழாய். அது பவுடர் தங்குகிற ஒரு மணல் தொட்டி வழியாக, தகரக் கூரை போட்ட ஆழமில்லாத சிமெண்டுத் தொட்டிக்குப் போய் அங்கேயே வற்றும்.

படுகையில் செடி வேண்டும். செடிதான் தண்ணீரை இலை வழியாக வெளியே தள்ளும். நான் நாணல் என்றேன். "காஞ்ச நாணலு தீப்பிடிக்கும் பாய், ஆலையில சருகு கெடந்தாலே எனக்கு வேல போயிரும்" என்றார் ஃபோர்மேன். காய்ந்து சருகாகாத கல்வாழையும் சேம்பும் வைத்தோம்.

ராஜாமணிக்குத்தான் பொறுக்கவில்லை. "மண்ணுக்கு அடியில மறைக்க வேண்டியத மேடை கட்டி வைக்கிறீக. ஊரு சிரிக்காதா?" என்றார்.

"கிணத்துல மெதந்தா மட்டும் ஊரு கைதட்டுமா?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஆனால் சரியான ஆட்சேபம் முத்துலட்சுமியிடமிருந்து வந்தது. சுவர் எழும்பியபின் வந்து பார்த்து, தலையை ஆட்டினார். "படி கேட்டப் பாத்து இருக்கு. லோடு ஏத்துற ஆம்பளைக அம்புட்டுப் பேரும் அங்கனதான் நிப்பாக. நாங்க ஏறுறதையும் எறங்குறதையும் எண்ணிக்கிட்டு இருப்பாக. ஒருத்தியும் ஏறமாட்டா." மேடம் என்னைப் பார்த்தார். நான் சுண்ணாம்புக் கட்டியை முத்துலட்சுமி கையில் கொடுத்தேன். அவர் பின்பக்கம் சுற்றிப் போய், சாப்பாட்டுக் கொட்டகையிலிருந்து நேராக வருகிற மாதிரி ஒரு கோடு போட்டார். படியை இடித்து அந்தக் கோட்டில் கட்டினோம், ஆள் உயரத்துக்குத் தடுப்புச் சுவரோடு. இந்தத் தடவை கேட்டுச் செய்தேன் என்பதில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஆடிக்குள் கல்வாழை இடுப்பு உயரம் வந்து சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துவிட்டது. பிறகு மழைக்குக் காத்திருந்தேன். மழைக்குக் காத்திருப்பது எங்கள் ஜில்லாவில் எல்லாருக்கும் பழக்கம்தான். ஆனால் பயந்துகொண்டே காத்திருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்த புரட்டாசி, தீபாவளி சீசன் உச்சத்தில் வந்தது. மூன்று நாள் விடாத மழை. மின்னலுக்குப் பயந்து இரண்டு நாள் ஆலைக்கு விடுமுறை விட்டார்கள். நாலாம் நாள் வெறித்ததும் ஆலை திறந்தது. அன்றைக்கே ஆய்வு அதிகாரியும் வந்து இறங்கினார். என் வண்டி கரிசலில் சிக்கியதால் அரை மைல் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மேடம் எனக்கு முன்பே வந்து நின்றார்.

அதிகாரி மேடையை ஒரு சுற்றுச் சுற்றினார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். படுகையின் சுவரை ஒட்டி வெளியே குனிந்து பார்த்தார். மழை ஈரம் தவிர ஒன்றுமில்லை. கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டார். கடைசியில், "உள்ள எம்புட்டு நிக்குது?" என்றார்.

படுகைக்குள் தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு குழாய் வைத்திருந்தோம். உள்பக்கம் ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டினால் தோற்றோம். மேடம் தன் மர ஸ்கேலை என்னிடம் நீட்டினார். நான்தான் இறக்க வேண்டும் என்று அர்த்தம். ஸ்கேலை இறக்கி எடுத்து ஈரம் ஏறிய இடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே.

இன்னொரு தடவை இறக்கினேன். அதே நாலு விரற்கடை.

அதிகாரி குழாய்க்குள் டார்ச் அடித்துத் தானும் பார்த்துவிட்டு, "சரி, ஓடட்டும்" என்றார். கொஞ்ச நாளில் கிணற்றுத் தண்ணீரின் முடிவும் வந்தது, சுத்தம். மூடுகிற பேச்சு அதோடு முடிந்தது. பக்கத்து ஆலைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் ஓய்வுபெறும்வரை பாறையிலும் கரிசலிலும் ஓடைக்கரையிலுமாக இதே மாதிரிப் பதினான்கு மேடைகள் கட்டினேன். ஒன்றிலும் பூட்டு விழவில்லை. ஊர் சிரிக்கும் என்று சொன்ன ராஜாமணி, வருகிறவர்களை எல்லாம் முதலில் கல்வாழைப் பூ பார்க்கக் கூட்டிப்போனார். பெரிய அண்ணன் தன் கடைக்குப் பின்னால் கழிவறை கட்ட என்னைக் கூப்பிட்டார். அடுத்த கல்யாண வீட்டில், "இந்தப் பக்கத்துல கக்கூஸ் விசயத்துல என் தம்பிய மிஞ்ச ஆள் இல்ல" என்று அவர் சத்தமாகச் சொன்னபோது, பிரியாணி பார்க்கப் போக வேண்டியது என் முறையாயிற்று.

அதெல்லாம் பின்னால். அந்த நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அதிகாரியின் ஜீப் போனதும் நாங்கள் கொட்டகைப் பக்கம் நடந்தோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. முத்துலட்சுமி முதலாளியை வழிமறித்து நின்றார்.

"மொதலாளி, இந்தப் பானை காணாது. இன்னொரு பானை வாங்கிப் போடுங்க."

"ஏன், இதுக்கு என்ன?"

"பன்னெண்டு மணிக்கே காலியாயிருது."

நான் போய்த் தட்டை எடுத்துப் பார்த்தேன். டம்ளரை உள்ளே விட்டேன், அடியில் தட்டிச் சத்தம் வந்தது. கால் டம்ளர்தான் தேறியது. முத்துலட்சுமி அதே பழைய பார்வையில் என்னை மேலும் கீழும் பார்த்தார்; இந்தத் தடவை சிரித்தார்.

"இப்பப் பாராட்டுங்க பாய்" என்றார்.

மேடம் பையிலிருந்து என் பழைய படிவத்தையும் பென்சிலையும் எடுத்து என்னிடம் கொடுத்தார். "எழுதுங்க."

"படிவத்துல இதுக்குக் கட்டம் இல்லையே மேடம்."

"ஊறவைத்த நேரத்துக்குப் பக்கத்துல கொஞ்சம் இடம் இருக்கு."

இருந்தது. போன புரட்டாசியில் பொய்யை அடித்துத் திருத்திய அதே படிவம். அந்த இடத்தில் எழுதினேன்: குடிதண்ணீர்ப் பானை, பகல் பன்னிரண்டு மணிக்குக் காலி. கண்ணால் பார்த்தேன். கீழே முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டேன்.